கறுப்புக் காரின் வளையங்கள்

மகள் தாரிகாவைத் தாரை வார்த்துக் கொடுக்கச் சுதாகரனால் முடியாது. மனைவியை இழந்தவர் மணவறையில் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்கிற வழக்கம் அவருடைய சொந்தத்தில் இல்லை. அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கலியாணம் பேசி முடித்த அன்றே, தம்பி கோபிசங்கரும் அவன் மனைவி துஷாந்தினியும் சோடியாக இருந்து செய்வதென்று தானாகவே முடிவாகிவிட்டது. சுதாகரன் தலையை ஆட்டினார். எல்லாரும் தேத்தண்ணி குடித்துப் பேணிகளைக் கீழே வைக்கிற நேரத்தில்தான், "பிள்ளையை மண்டபத்துக்கு நான்தான் என்ரை காரிலை கொண்டு வருவன்," என்றார்.

"அதுக்கென்ன அண்ணை, நீங்கள்தானே கொண்டு வரவேணும்," என்றான் கோபி.

அந்தக் கலியாணத்தில் அவருக்கென்று கிடைத்த இடம் அவ்வளவுதான். உடுவிலில் வீட்டு வாசலிலிருந்து இணுவில் மண்டபத்து வாசல் வரைக்கும், ஸ்ரியறிங்குக்குப் பின்னால். ஆற அமர ஓடினாலும் ஒரு வெற்றிலை சப்பி முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம். அது போதும் என்று அவர் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டார்.

கார் ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த கறுப்பு கொரோலா. வாங்கின காலத்தில் உடுவிலிலும் சுற்றுவட்டத்திலும் கலியாணமென்றால் அந்தக் காரைத்தான் பிடிப்பார்கள். பிறகு வெள்ளைக் கார்கள் வந்தன, வெளிநாட்டுக் காசில் பெரிய வான்கள் வந்தன. செத்தவீட்டுக்காரர் மட்டும் சுதாகரனைக் கைவிடவில்லை. அவர் வாயைத் திறக்காமல் ஓடுவார் என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். பின் சீற்றில் இருந்து அழுகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

செத்தவீட்டுக்குப் போன கார் குளிக்காமல் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்பது மனைவி தயாளினி போட்ட சட்டம். வளவின் பின்பக்கத்து ஒழுங்கையால் நேரே கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முதலில் காருக்கு வார்க்க வேண்டும், பிறகு தனக்கு வார்க்க வேண்டும். தான் தோய்ந்த பிறகு காரில் கை படக்கூடாது. பட்டால் துடக்கு, திரும்பவும் முழுக்கு. "அது தானாய்க் காயட்டும், நீங்கள் வந்து சாப்பிடுங்கோ," என்பாள். அவரும் ஈரத் துண்டோடு உள்ளே போய்விடுவார். கார் மத்தியான வெயிலில் நின்று தன்பாட்டில் காயும். சொட்டுச் சொட்டாக நின்ற கிணற்றுத் தண்ணீர் வற்றிச் சுருங்கி, நின்ற இடத்தில் ஒவ்வொரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும்.

முதலில் அவை துடைத்தால் போயின. பிறகு பாதி போயின. பிறகு ஒரு செத்தவீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கில்லாமல் கூரையிலும் கதவுகளிலும் ஏறி, கறுப்புக் கார் சாம்பல் தூவினது போல ஆகிவிட்டது.

தயாளினியைச் சுடலையில் விட்டுவிட்டு வந்த அன்றும் அவர் அவள் சொன்னபடியே செய்தார். காரைக் கிணற்றடியில் நிறுத்தி, முன்மூடிப் பொனற்றில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். இரண்டாவது வாளி கையில் நின்றது. அதை ஊற்றினாரா, தன் தலையில் கவிழ்த்தாரா என்பது நினைவில் இல்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை கார் அங்கேயே வெயிலில் நின்றது. பொனற்றில் இருந்த வளையங்கள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியவை. அவற்றை அவர் பிறகு துடைத்துப் பார்க்கவுமில்லை.

தாலிக்குப் பொன்னுருக்கின கையோடு இங்கே வந்த மாப்பிள்ளையின் தாய் அந்தக் காரைக் கண்டுவிட்டார். நல்ல மனுசி, நேரே ஒன்றும் சொல்லவில்லை. துஷாந்தினியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய், "வெள்ளைக் கார் ஒண்டு பிடிப்பமே, வீடியோவுக்கு வடிவாயிருக்கும்," என்று கேட்டாராம். துஷாந்தினி கோபிக்குச் சொல்ல, கோபி தாரிகாவுக்குச் சொல்ல, அடுத்த நாள் தாரிகா ரவுணிலிருந்து வரும்போது ஒரு சின்னப் போத்தல் வாங்கி வந்தாள். போத்தலில் சிவப்புக் கார் ஒன்று பளபளத்தது.

"அப்பா, துணியிலை விட்டுத் தேய்ச்சால் போதுமாம். புள்ளி ஒண்டும் தெரியாதாம்."

அவர் போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு மூண்டு கிழமை நிக்கும் எண்டு கடைப் பெடியன் சொன்னவன். பிறகு கழுவக் கழுவப் போயிடுமாம்."

"அப்ப புள்ளி போகேல்லை. மேலாலை மூடுறது."

"மூடினால் என்னப்பா. கலியாணம் ஒரு நாள்தானே."

அவருடைய பேசாமைக்குள் எப்படி இருப்பதென்று தாரிகாவுக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முற்றத்து வேம்பிலிருந்து இலைகள் விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பள்ளிக்கூடம் போகேக்கை பின்னாலை இருந்து உங்கடை பிடரியைப் பாத்துக்கொண்டுதானே வாறனான்," என்றாள் அவள். "அண்டைக்கும் அதைத்தான் பாத்துக்கொண்டு வரப்போறன். அப்பதான் அழமாட்டன். கார் எப்பிடி இருந்தால் எனக்கென்ன."

அவர் போத்தலைக் கொண்டுபோய் காரின் டாஷ்போர்ட்டுக்குள் வைத்து மூடினார். அவள் சொன்னதில் கடைசி வசனம் மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது. கார் எப்படி இருந்தால் எனக்கென்ன. அதாவது, கார் வடிவில்லாமல்தான் இருக்கிறது.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை அவர் சுன்னாகத்துக்குப் போனார். அங்கே அவருக்குப் பழக்கமான யோசப்பினின் புருசன் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற கராஜ் வைத்திருந்தான். முன்பக்கத்துக் கடையில் யோசப்பின் இருந்து பெயின்ற், அரத்தாள், பொலிஷ் என்று விற்பாள். அவள் கடையிலிருந்து இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் பொனற்றில் தெளித்துக் கையால் பரவினாள். வளையங்கள் மறைந்து பொனற் கன்னங்கரேலென்று மின்னியது. சுதாகரன் குனிந்து பார்த்தார். தண்ணீர் காயக் காய அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"பாத்தியளே அண்ணை. நனைஞ்சால் தெரியாது. போத்தல் பொலிஷும் இந்த வேலையைத்தான் செய்யும், ஆனால் கொஞ்ச நாளைக்கு நிக்கும்."

"எனக்கு உது வேண்டாம். புள்ளி போகவேணும்."

"நகத்தாலை ஒருக்காத் தடவிப் பாருங்கோ."

அவர் தடவினார். வளையம் நகத்தில் தட்டியது. மேடாக அல்ல, பள்ளமாக.

"கேத்திலுக்குள்ளை படியுதே, அந்தக் கல்லுத்தான். வெயில் பட்டு உள்ளுக்கை இறங்கியிட்டுது. உதை எடுக்கிறதெண்டால் சுத்தி இருக்கிறதையும் அந்த ஆழத்துக்குத் தேய்ச்சு எடுக்க வேணும். அதுக்குக் கராஜ்காரர் பாவிக்கிற கொம்பவுண்டுப் பசையும் மெசினும் வேணும். நாளைக்குக் கலியாணத்தை வைச்சுக்கொண்டு உதிலை கை வைக்காதேங்கோ. இவர் மடு மாதா கோயிலுக்குப் போயிட்டார். வந்தவுடனை காரைக் கொண்டு வந்து விடுங்கோ, ஆறுதலாய்ப் பாத்துச் செய்வார். நாளைக்குப் போத்தலைப் பூசிக்கொண்டு போங்கோ."

"கலியாணம் முடிஞ்ச பிறகு ஆருக்குத் தேய்க்கிறது."

யோசப்பின் சிரித்தாள். "கலியாணம் பிள்ளைக்கோ, காருக்கோ?"

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். தயாளினியின் செத்தவீட்டுக்கு அவளும் வந்திருந்தவள்.

"கொம்பவுண்டிலை ஒரு ரின்னும் மெசினும் தா. பின்னேரம் மெசினைக் கொண்டு வந்து தாறன்."

"அண்ணை, உது ஜப்பானிலை இருந்து வந்த கார். முந்தி எத்தினை தரம் தேய்ச்சிருக்கினமோ தெரியாது. நிறத்துக்கு மேலை கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு, அதிலை எவ்வளவு மிச்சம் எண்டு..."

"நீ பிறக்க முந்தியே நான் கார் ஓடத் துவங்கினனான், தங்கச்சி."

"ஓடுறது வேறை அண்ணை," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய் மெசினை எடுத்து வந்தாள். வெள்ளைப் பஞ்சு பூட்டின, கைப்பிடி வைத்த கனத்த மெசின். "பஞ்சிலை என்ன நிறம் வருகுதெண்டு பாத்து..." என்று அவள் தொடங்கியபோது அவர் ரின்னையும் மெசினையும் பின் சீற்றில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்.

வீடு சனத்தால் நிறைந்திருந்தது. குசினிப் பக்கம் பலகார எண்ணெய் மணத்தது. படலையில் வாழை கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஏரம்பு, காரின் பின்னாலிருந்து மெசின் இறங்குவதைக் கண்டு கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"என்ன சுதா, காருக்கும் பொம்பிளை பாக்கிறாய் போலை."

"உங்கடை வேலையைப் பாருங்கோ அண்ணை."

"நான் சும்மா சொன்னனான் மோனை. என்ரை செத்தவீட்டுக்கும் உன்ரை காரைத்தான் பிடிக்கவேணும் எண்டு வீட்டிலை சொல்லி வைச்சிருக்கிறன். அதுக்கிடையிலை பழுதாக்கிப் போடாதை."

ஏரம்பு தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு வாழையிடம் திரும்பிப் போனார்.

சுதாகரன் காரை வேம்பின் நிழலில் விட்டு, வயரை இழுத்து, பொனற்றில் தொடங்கினார். பெரிய வளையங்கள் அங்கேதான் இருந்தன. வேறு எங்கேயாவது ஒரு மூலையில் தொடங்கிப் பார்த்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கொம்பவுண்ட் பால்போலப் பரவியது. துடைத்துப் பார்த்தார். சின்ன வளையங்கள் காணாமல் போயிருந்தன. திரும்பவும் போட்டார். இன்னும் சில போயின. உள்ளுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தளர்வதை உணர்ந்தார். கனகாலமாக அவர் செய்த எதுவும் இப்படிக் கண்ணுக்குத் தெரியச் சரிவந்ததில்லை.

அசையாமல் இருந்தவை நடுவில் இருந்த பெரிய வளையங்கள். அந்த ஒரு வாளித் தண்ணீர். அவர் மெசினை அதன்மேல் நிறுத்தி அழுத்தினார். அதன் இரைச்சலில் வீட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்த நாளில் தான் அழவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மற்றவர்கள் அழுததும், அவர்களை ஏற்றிக்கொண்டு தானே கார் ஓடிவந்ததும், பின் சீற்றில் தாரிகா தன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தன.

அப்போதுதான் வெள்ளைப் பஞ்சில் கறுப்பு ஏறத் தொடங்கியது.

ஊத்தை கழலுகிறது என்று அவர் நினைத்தார். வேறு எதையும் நினைக்க அவரால் முடியவில்லை. இவ்வளவு காலமும் உள்ளே இறங்கிக் கிடந்தது இப்போதுதான் பிடி விட்டு வருகிறது. பஞ்சு ஒவ்வொரு சுற்றுக்கும் கூடக் கூடக் கறுத்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் கட்டியது, அதைத் துடைக்கக் கை எடுக்கவுமில்லை. போகட்டும், எல்லாம் போகட்டும் என்று மெசினை இன்னும் அழுத்தினார்.

நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்தபோது வளையம் அங்கே இல்லை. கறுப்பும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு மங்கின சாம்பல் நிறம், கரி அழிந்த சட்டிபோல, ஒளி இல்லாமல் இருந்தது. அவர் கையால் தேய்த்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நனைந்தபோதும் அது சாம்பலாகவே இருந்தது.

யோசப்பினின் பாதி வசனம் அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. பஞ்சில் வந்தது ஊத்தை அல்ல. காரின் நிறம்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஒரு இடம் கண்ணில் குத்தியது. விளிம்பைச் சமப்படுத்தினால் தெரியாமல் போகும் என்று சுற்றிவரத் தேய்த்தார். விளிம்பு நகர்ந்து போனதே தவிர மறையவில்லை. அதைத் துரத்திக்கொண்டு பொனற்றின் மடிப்புவரைக்கும் போனார். மடிப்பில் மெசின் பட்டதும் நிறம் நீளமாகக் கிழிந்தது போலக் கழன்றது. அவர் மெசினை நிலத்தில் வைத்தபோது பொனற்றில் ஒரு சுளகைக் கவிழ்த்து வைத்த அளவுக்குச் சாம்பல் பரவிக் கிடந்தது.

இரைச்சல் நின்றதைக் கவனித்து ஏரம்பு வந்தார். பார்த்தார். இந்த முறை பகிடி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "உதுக்கென்ன மோனை, பூ வைச்சு மூடுவம். கலியாணக் காருக்குப் பூ வைக்கிறதுதானே," என்றார் தணிந்த குரலில்.

"பிரேதப் பெட்டிக்கு மேலை வைக்கிற மாதிரியோ?"

ஏரம்பு ஓரடி பின்னுக்குப் போனார்.

யாரோ உள்ளே சொல்லியிருக்கவேண்டும். தாரிகா வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி காயாமல் இருந்ததால் அவற்றை முன்னால் ஏந்திக்கொண்டு நின்றாள். பின்னாலேயே கோபி கையில் போனோடு வந்தான். அவள் பொனற்றைப் பார்த்தாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள், அவை முழங்கைவரை கறுத்திருந்தன. ஏதோ தொடப்போவது போல ஒரு கையை நீட்டி, மருதாணி நினைவு வந்து திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"நான் இதிலைதான் வருவன்," என்றாள்.

"வேண்டாம் பிள்ளை."

"ஏனப்பா."

ஏன் என்று அவருக்குத் தெரியும். அவள் வருவாள். பின் சீற்றில் இருந்து அவரைப் பார்ப்பாள். இணுவில்வரைக்கும் அவருடைய கண்ணுக்கு முன்னால், கண்ணாடிக்கு அப்பால், அந்தச் சாம்பல் போய்க்கொண்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு அவளை ஒரு மங்களத்துக்குக் கொண்டுபோய் விட அவரால் ஏலாது. இவ்வளவையும் ஒரு வசனமாக்கிச் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

"வெள்ளைக் காருக்குச் சொல்லு," என்றார் கோபியிடம்.

"அண்ணை, அவசரப்படாதேங்கோ, ஆரையாவது கேட்டு..."

"சொல்லடா."

தாரிகா நின்றாள். அவர் தன்னைப் பார்ப்பார் என்று காத்து நின்றாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் குனிந்து மெசினின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வெள்ளைக் கார் வந்தது. நெற்றியில் ரோசாப்பூ, இரண்டு பக்கமும் நாடா. ஓட்டி வந்தவன் இளவயதுக்காரன், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். முன் சீற்றில் வீடியோக்காரன் பின்பக்கம் திரும்பி இருந்துகொண்டான். பின்னால் தாரிகாவுக்கு ஒரு பக்கம் துஷாந்தினி, மறு பக்கம் தோழி. சுதாகரனுக்கு அதில் இடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏறுவதற்கு முன் தாரிகா அவருடைய காலில் விழுந்தாள். சேலையும் நகையுமாக அவள் எழும்பக் கன நேரம் எடுத்தது. எழும்பியபோது கண்மை கலங்கியிருந்தது. துஷாந்தினி லேஞ்சியால் ஒற்றிவிட்டு, "அழாதை பிள்ளை, வீடியோவிலை விழும்," என்றாள். கார் படலையைத் தாண்டும்போது பின் கண்ணாடியில் தாரிகாவின் தலையில் சூடின பூ தெரிந்தது. அது திரும்பவில்லை. அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், யாரோ ஒருவனுடைய பிடரியை.

மிச்சச் சனத்தை ஏற்ற வான் வந்தது. ஏரம்பு பட்டு வேட்டியோடு மிதிபலகையில் நின்று, "சுதா, வந்து ஏறன். நேரம் போகுது," என்றார்.

"கேற்றைப் பூட்டிப்போட்டு வாறன். நீங்கள் போங்கோ, நான் மோட்டச்சைக்கிளிலை வாறன்."

"கட்டாயம் வருவாய்தானே."

"ஓம், வாறன்."

வான் போனது. முற்றத்தில் பூவிதழ்களும் காலியான கதிரைகளும் கிடந்தன. கேற்றின் பூட்டு காருக்குள் கிடந்தது. அதை எடுக்க டாஷ்போர்ட்டைத் திறந்தார். பூட்டுக்கு மேலே தாரிகா வாங்கி வந்த போத்தல் இருந்தது.

அவர் அதை எடுத்துக்கொண்டு இறங்கினார். பின் கதவுக்கு முன்னால் நின்றார், அவள் ஏறியிருக்க வேண்டிய பக்கம். துணி ஒன்றும் கண்ணில் படவில்லை. தோளில் கிடந்த சரிகைச் சால்வையின் நுனியில் கொஞ்சம் விட்டு, கதவில் வட்டமாகத் தேய்த்தார். கையை அழுத்தவும் இல்லை. துடைத்தார்.

வளையங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை. தயாளினி காரை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த நாளில் இருந்த கறுப்பு அங்கே இருந்தது. அதற்குள் வேட்டியும் சால்வையுமாக ஒரு மனிசன் நின்றான்.

அவர் இன்னும் கொஞ்சம் விட்டுப் பக்கத்தில் தேய்த்தார். அதுவும் வந்தது. இவ்வளவு இலேசாக வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இணுவில் பக்கமிருந்து காற்றில் நாதஸ்வரம் மெல்லக் கேட்டது, ஒலிபெருக்கியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்டது. இந்தக் கதவை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். கதவு முடிந்தபோது முன் கதவு மங்கலாகத் தெரிந்தது. கேற் திறந்தே கிடந்தது. அவர் சால்வையின் மறு நுனியைத் தேடி எடுத்து, போத்தலைக் கவிழ்த்தார்.